காட்சியும் கணக்கும்: ஓநாய் பற்றிய வேட்டைக்காரர் எழுத்துகள் – ஒரு நோக்கு

ஓநாயைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த ஆக்கங்களுள் மிகுதியாக எடுத்தாளப்படுவனவற்றுள் ஒன்று, அல்டோ லியோபோல்ட் என்பார் எழுதிய சில பக்கங்களே கொண்ட கட்டுரையாகும். மலையைப் போலச் சிந்தித்தல் என்னும் பொருள்பட அதற்குத் தலைப்பிட்டார். 1944ஆம் ஆண்டில் எழுதப்பட்ட இக்கட்டுரை, 1948 ஏப்பிரலில் அயல்நிலத்திற் பரவிய புல்லுத்தீயை அணைக்க முனைந்தவிடத்து அவர் மாரடைப்பால் இறந்தபின், 1949இல் வெளிவந்த 'ஏ சாண்ட் கவுண்டி அல்மனாக்' என்னும் நூலில் இடம்பெற்றது. அமெரிக்காவிற் சூழலியல் கற்போர் பலரும் அதனை அறிவர். வேட்டையைத் துறந்த ஒருவனின் மனமாற்றக் கதையாகவே பெரும்பாலும் அது படிக்கப்படுகின்றது. இவ்வாசிப்புப் போதாது என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு. லியோபோல்ட் வேட்டையை ஒருபோதும் துறந்தவரல்லர்; வேட்டைவிலங்கு முகாமை பற்றி 1933இல் பாடநூல் எழுதிய பேராசிரியர் அவர். ஓநாயைப் பற்றி வேட்டைக்காரருக்கும் வேட்டைக்காரருக்கும் இடையில் நீண்டகாலம் நிகழ்ந்துவரும் வழக்கொன்றில், ஒரு வேட்டைக்காரர் மற்றையோரை நோக்கிப் பேசிய பேச்சாகவே அக்கட்டுரையைக் கொள்ளல் வேண்டும். அவ்வாறு கொள்ளுமிடத்து அதன் சிறப்பும் குறையும் ஒருங்கே புலப்படும்.

ஈழத்தில் ஓநாய் இல்லை, நரியே உண்டு. ஆட்டுக்குட்டியோடு வழக்காடும் கதைப்புத்தக ஓநாயை மாத்திரமே நம்மிற் பெரும்பாலார் அறிவோம். எனவே ஓநாயின் இயல்பு குறித்துத் தீர்ப்புக் கூற நமக்குத் தகுதியில்லை. ஆயின் சாட்சியத்தின் இயல்பு குறித்துப் பேசக் கலைப்பீட மாணவருக்கும் ஓரளவு உரிமையுண்டு. அறிவு பெறும் வாயில்களைக் காட்சி, கருதல், உரை என மூன்றினுள் அடக்கும் மரபு சைவசித்தாந்த அளவை நூல்களிற் பயின்று வருவது. ஓநாய் வழக்கிலும் இம்மூன்றுமே மோதுகின்றன எனலாம். வேட்டைக்காரன் தான் கண்டதைச் சொல்கிறான். முகாமையாளன் எண்ணிக்கை கொண்டு கருதியதைச் சொல்கிறான். முன்னோர் சொல்லிவைத்த உரையும் ஒருபுறம் நிற்கின்றது. எது எதனை வெல்லும் என்பதே வழக்கு.

இதன் தொடக்க வடிவத்தை 1903ஆம் ஆண்டளவில் அமெரிக்கச் சஞ்சிகைகளில் எழுந்த விவாதத்திற் காணலாம். அவ்வாண்டு ஜோன் பரோஸ் என்னும் இயற்கையெழுத்தாளர், விலங்குக் கதைகளை மெய்யென எழுதி விற்போரைக் கண்டித்துக் கட்டுரை வெளியிட்டார். அவராற் கண்டிக்கப்பட்டோருள் ஏர்ணஸ்ட் தொம்சன் சீற்றனும் ஒருவர். சீற்றன் 1894இல் நியூ மெக்சிக்கோவின் கரம்போப் பள்ளத்தாக்கில் கால்நடைகளைக் கொன்றுவந்த லோபோ என்னும் ஓநாயைப் பிடித்தவர். நஞ்சுக்கும் பொறிக்கும் தப்பிவந்த அவ்வோநாயை வெல்ல, அதன் துணையான பெண் ஓநாயை முதலிற் கொன்று, அவ்வுடலைக் கொண்டே லோபோவைப் பொறிகளுக்கு இழுத்தார். இதனை அவரே எழுதினார். கொன்றவனே கொல்லப்பட்டதற்காக இரங்கும் இவ்வகை எழுத்தின் முன்மாதிரி எனச் சீற்றனின் கதையைக் கூறுதல் தகும். ஆயினும் அவ்விரக்கத்தால் எவருக்கும் செலவில்லை என்பதை வாசகர் மறத்தலாகாது. ஓநாய் இறந்தபின் அதனை அரசன் எனப் போற்றுதல் எளிது.

1907இல் ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ற் தாமே இவ்விவாதத்தில் இறங்கினார். அவருடைய சீற்றத்துக்கு இலக்கானவர் வில்லியம் லோங் என்னும் போதகர். கரிபு மானொன்றின் மார்பைக் கடித்து இதயத்தைத் துளைத்து ஓநாய் கொன்றதாக லோங் எழுதியிருந்தார். அத்தகைய கடி ஓநாயின் பல்லமைப்புக்கு இயலாதது என்பது ரூஸ்வெல்ற்றின் வாதம். லோங்கோ பின்வாங்கவில்லை, அவ்வாறு கொல்லப்பட்ட விலங்கைக் கண்டதாகச் சூ இனத்தவர் ஒருவர் அளித்த சத்தியக்கடதாசியைத் தம் பக்கச் சான்றாக முன்வைத்தார். இவ்விடம் ஊன்றி நோக்கற்பாலது. இருவரும் காட்டில் உலாவியவர்கள். இருவரும் கண்ணாற் கண்டதையே பேசுவதாகக் கூறுகின்றனர். ஒருவர் தாம் பல முறை கண்டதன் பொதுமையைக் கொண்டு மற்றவரின் ஒரு முறைக் காட்சியை மறுக்கிறார். மற்றவரோ பொதுமைக்குப் புறம்பானதும் நிகழும் என்கிறார். லோங் எழுதியதை நான் நம்பவில்லை. எனினும், நாட்டின் அதியுயர் பதவியில் இருந்தவர் தம் வேட்டை அனுபவத்தை ஏனையோரின் அனுபவத்துக்கு அளவுகோலாக்கிய முறையும் ஐயுறற்குரியதே. சத்தியக்கடதாசி கொடுத்த அம்மனிதரின் சொல் இரு வெள்ளையரின் சண்டையில் ஓர் உருப்படியாகப் பயன்பட்டது என்பதற்கு மேல் அதற்கு மதிப்பு அளிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இனி லியோபோல்டுக்கு வருவோம். 1909இல் யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் கற்று வெளியேறிய இருபத்திரண்டு வயது இளைஞராக அவர் அரிசோனாவிலுள்ள அப்பாச்சி வனப்பகுதியிற் பணியேற்றார். கட்டுரை கூறும் நிகழ்ச்சி அக்காலத்தது. பாறை விளிம்பொன்றில் அமர்ந்து மதிய உணவு அருந்துகையிற் கீழே ஆற்றைக் கடக்கும் விலங்கொன்றை மானென எண்ணினர், அது ஓநாய். அதன் வளர்ந்த குட்டிகள் ஓடிவந்து அதனை வரவேற்று விளையாடின. மேலிருந்தோர் துப்பாக்கிகளைக் காலியாக்கினர். இறங்கிச் சென்றபோது தாய் ஓநாயின் கண்களிலிருந்து பச்சை நிறத் தீயொன்று அணைவதைக் கண்டனர். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், மான் பெருகின் வேட்டைக்காரனுக்கு நன்று என்ற தம் எண்ணத்தை அக்கண்களும் ஏற்கவில்லை, அம்மலையும் ஏற்கவில்லை என அப்போது தமக்குத் தோன்றியதாக எழுதுகிறார். அடுத்து, மாநிலந்தோறும் ஓநாய் ஒழிக்கப்பட்டதையும், மிகைப்பட்ட மான்கள் மலைச்சரிவுகளின் தளிரையெல்லாம் மேய்ந்து ஈற்றிற் பட்டினியால் மடிந்ததையும் விவரிக்கிறார்.

மொழியின் செறிவு ஒருபுறம் இருக்க, இங்கு ஓர் இடறல் உண்டு. கண்களிற் தீ அணைந்ததைக் கண்ட அக்கணமே அவர் மனம் மாறிற்று என்ற தோற்றத்தைக் கட்டுரை தருகின்றது. வரலாறு அவ்வாறில்லை. 1909 செப்டெம்பரில் அவர் தம் தாயாருக்கு எழுதிய கடிதமொன்றைப் பின்னாளில் ஆய்வாளர் கண்டெடுத்தனர். தாமும் தோழரும் இரண்டு ஓநாய்களைக் கொன்ற செய்தி அதிற் போகிற போக்கிற் சொல்லப்படுகின்றது. தீயும் இல்லை, மலையும் இல்லை. 1920இல் நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் கடைசி ஓநாய் வரை ஒழித்தல் வேண்டும் எனப் பகிரங்கமாக வாதாடியவரும் அவரே. மான் வேட்டையாளரின் சங்கங்களை அக்காலத்தில் ஒழுங்கமைத்தவரும் அவரே. 1935இல் ஜேர்மனியின் செயற்கையான காடுகளையும், 1936, 1937ஆம் ஆண்டுகளில் வட மெக்சிக்கோவின் சியரா மாத்ரே மலைகளில் ஓநாயும் மானும் சேர்ந்து வாழ்ந்த நிலத்தையும் கண்ட பின்னரே அவர் கருத்துத் திடமாக மாறியது. அஃதாவது, கட்டுரையில் ஒரு கணமாகக் காட்டப்படுவது வாழ்க்கையில் ஏறத்தாழ முப்பது ஆண்டு. அம்முப்பது ஆண்டும் அவர் பார்வையாளராக இருக்கவில்லை. ஒழிப்பில் ஒரு தரப்பாக இருந்தார். ஓநாய்கள் ஒழிக்கப்படுவதைத் தாம் வாழ்ந்து கண்டதாக எழுதுமிடத்து, செய்தவன் கண்டவனாக மாறிவிடுகிறான்.

எனினும் இக்கட்டுரை எழுந்த சூழலை அறிவோர் அவரை முற்றாகக் குறைகூற மாட்டார். அவருடைய முன்னாள் மாணவரும் ஓவியருமான அல்பேட் ஹொக்பாம், 1944இல் நூலின் பகுதிகளைப் படித்துவிட்டு, ஓநாய் ஒழிப்பில் உமக்கிருந்த பங்கையும் எழுதுக எனக் கடிதம் மூலம் ஆசிரியரை வற்புறுத்தினார். அதன் விளைவே இக்கட்டுரை. மாணவன் ஆசிரியரிடம் இவ்வாறு கேட்டதும், ஆசிரியர் அதற்கு இணங்கியதும் நம் பல்கலைக்கழகச் சூழலிற் கற்பனை செய்தற்கும் அரியன! அதனோடு மற்றொரு காரணமும் உண்டு. 1943இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் மான் தொகை மிகைப்பட்டுக் காடு அழிகிறது எனக் கூறிப் பெண்மானையும் குட்டியையும் சுடவேண்டும் என லியோபோல்ட் பரிந்துரைத்தார். அவ்வாண்டு ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட மான்கள் கொல்லப்பட்டன. வேட்டைக்காரர் கொதித்தெழுந்தனர், பத்திரிகைகளில் அவர் கடுமையாகத் தாக்கப்பட்டார். பெருமான் கூட்டங்களைக் கண்ணாற் கண்டு களித்தவர்களிடம் மான் அதிகம் என எவ்வாறு சொல்வது? ஓநாயை அழித்தோம், இனி அதன் வேலையை நாமே செய்யவேண்டியுள்ளது என்பதே அவர் சொல்ல முயன்றது. அதை எண்களாற் சொல்லிப் பார்த்துத் தோற்றவர், இறந்த ஓநாயின் கண்களாற் சொன்னார். கருதலளவையால் ஆகாதது காட்சியளவையால் ஆகும் என்ற நம்பிக்கையே கட்டுரையின் வடிவத்தைத் தீர்மானித்தது.

அந்நம்பிக்கைக்கு விலையும் உண்டு. மிகைப்பட்ட மான்கள் மடிந்த கதைக்கு அடிப்படையாக அமைந்தது அரிசோனாவின் கைபாப் பீடபூமி நிகழ்ச்சி. 1924ஐ ஒட்டிய மான் தொகைக்கு அக்காலத்தவர் தந்த மதிப்பீடுகள் முப்பதினாயிரம் முதல் ஓர் இலட்சம் வரை வேறுபட்டன. கிறேம் கோக்லி என்னும் விலங்கியலாளர் 1970இல் இத்தரவுகளின் நம்பகத்தன்மையை வினாவினார். கொன்றுண்ணிகளை அகற்றியமையே காரணம் எனக் கூறவியலாது என்றும் காட்டினார். கட்டுரையின் ஒரு தூண் இவ்வாறு ஆட்டங்கண்டபோதும் அதன் செல்வாக்குக் குறையவில்லை. கண்களின் தீயை எவரும் மறுத்து ஆய்வு செய்தல் இயலாதன்றோ.

லியோபோல்டைப் படித்த கையோடு பார்லி மோவற்றின் 'நெவர் க்றை வுல்ஃப்' என்னும் 1963ஆம் ஆண்டு நூலைப் படிப்போர் ஒரு வீழ்ச்சியை உணர்வர். கனடாவின் வடபுலத்தில் அரசாங்க உயிரியலாளராகச் சென்று, ஓநாய் பெரிதும் எலிகளை உண்டு வாழ்வதைக் கண்டதாகவும், கரிபு மான்களை அழித்தவர் ஓநாய்கள் அல்லர், மனிதரே எனவும் அந்நூல் கூறும். நகைச்சுவை மிக்கது, 1983இல் திரைப்படமாகவும் வந்தது. கனடிய வனவிலங்குச் சேவையைச் சேர்ந்த பான்பீல்ட் 1964இல் எழுதிய மதிப்புரையில் அதனைச் சிறுவர் தேவதைக்கதை போன்ற ஆக்கமாகவே கணித்தார். மெய்மை குறித்த கண்டனம் ஒருபுறமிருக்க, எனக்கு உறுத்துவது வேறு. மோவற்றின் நூலில் வேட்டைக்காரரும் பொறிவைப்போரும் அறிவிலிகளாகவும் பொய்யர்களாகவுமே தோன்றுகின்றனர். கதைசொல்லிக்கு இழக்க எதுவுமில்லை. அவர் முதலிலிருந்தே சரியான பக்கத்தில் நிற்கிறார். லியோபோல்ட் துப்பாக்கியைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார். மோவற் அதனைப் பிறர் கையிற் கொடுத்துவிட்டார். ஓநாய்க்கு நல்ல பெயர் வாங்கித்தந்த நூல் எனினும், வேட்டைக்காரரோடு பேசும் வழியை அடைத்த நூலும் அதுவே எனத் துணிந்து கூறலாம்.

அடைபட்ட அவ்வழியின் விளைவை லியோபோல்டின் சொந்த மாநிலமாகிய விஸ்கொன்சினிலேயே காண்கிறோம். அங்கு 1960ஐ அண்டி அற்றுப்போன ஓநாய், 1970களின் நடுப்பகுதியில் அயலிலுள்ள மினசோட்டாவிலிருந்து தானாகவே திரும்பிவந்தது. 1999ஆம் ஆண்டின் முகாமைத் திட்டம் 350 என ஓர் இலக்கை விதித்தது. 2020ஆம் ஆண்டுக் குளிர்காலக் கணக்கெடுப்பு ஆயிரத்துக்கு மேல் எனக் காட்டிற்று. கரடி வேட்டைக்கு நாய்களைப் பழக்கி வளர்ப்போர் தம் நாய்கள் ஓநாயாற் கிழிக்கப்பட்டுக் கிடந்ததைக் கண்டவர்கள். மாநிலம் நாயொன்றுக்கு 2,500 டொலர் வரை நட்டஈடு வழங்குவது அத்துயரை ஆற்றுவதன்று. வடபகுதி மான் வேட்டையாளர் பலர், தம் தந்தையர் காலத்து மான் இப்போது இல்லை என்பர். அவர்களிடையே வேறு சிலர், கடுங்குளிரும் காட்டின் முதிர்ச்சியும் அதற்குக் காரணம், ஓநாய் மானை விழிப்படையச் செய்தது அன்றிக் குறைக்கவில்லை என்பர். இருவரும் ஒரே காட்டிலேயே நடக்கின்றனர்.

ஓநாய்க்கான சமஷ்டிப் பாதுகாப்பு 2021 ஜனவரியில் நீங்கியது. வேறொரு மாநிலத்திலிருந்து இயங்கிய வேட்டைக்காரர் அமைப்பொன்று நீதிமன்றத்தை நாடி, பெப்ரவரியிலேயே வேட்டையைத் திறக்கும் கட்டளையைப் பெற்றது. அது ஓநாய்கள் இணைசேரும் காலம். 200 ஓநாய் எனக் கொல்லும் அளவு குறிக்கப்பட்டது; பத்தொன்பதாம் நூற்றாண்டின் உடன்படிக்கைகள்வழி உரிமை பெற்ற ஒஜிப்வே மக்களுக்கு அதில் 81 ஒதுக்கப்பட்டது; எஞ்சிய 119 அனுமதிப்பத்திரம் பெற்றோருக்கு. ஒரு கிழமைக்கெனத் திட்டமிட்ட வேட்டை மூன்று நாளுக்குள் மூடப்பட்டது. அதற்குள் 218 ஓநாய்கள் வீழ்ந்தன. பெரும்பாலானவை நாய்கள் துரத்தப் பனியில் ஓடிக் களைத்தவை. 2022 பெப்ரவரியில் நீதிமன்றத் தீர்ப்பொன்றினால் சமஷ்டிப் பாதுகாப்பு மீண்டது.

எண்களின் மீது எழுப்பப்படும் முகாமையின் நொய்ம்மையை இது காட்டும். எண் தவறென்பதன்று; எண்ணுக்குப் பொருள் கற்பிப்போர் வெவ்வேறாக நிற்கின்றனர். யெலோஸ்ரோன் பூங்காவிலும் இதுவே நிகழ்ந்தது. 1995, 1996ஆம் ஆண்டுகளிற் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் அங்கு விடப்பட்டன. வடபுற எல்க் மான் கூட்டம் ஏறத்தாழ 19,000இலிருந்து 2013இல் நாலாயிரத்துக்குக் கீழ் வந்தது. ஓநாயே தின்றது என்றனர் ஒருசாரார். கரடியும் மலைச்சிங்கமும் வறட்சியும், பூங்காவுக்கு வெளியே பெண் எல்க்குகளைச் சுட அனுமதித்த வேட்டையும் சேர்ந்தன என்றனர் மறுசாரார். 19,000 என்பதே மிகை என, 1943இல் லியோபோல்ட் கூறியதைப் போலவே, கூறியோரும் உளர். ஒரே கணக்கு, மூன்று காடுகள்.

ஒஜிப்வே மக்கள் தம் பங்கான 81 ஓநாயையும் கொல்லாது விடவே விரும்பினர். அவர்களும் மான் வேட்டையாடுவோரே என்பதை அழுத்திக் கூறுதல் வேண்டும். அவர்தம் தோற்றக் கதையில் முதல் மனிதனும் மயீங்கன் என்னும் ஓநாயும் சகோதரர். ஒருவருக்கு நேர்வது மற்றவருக்கும் நேரும் என்பது அவ்வுரை. நிலம் பறிபோன வரலாறும் ஓநாய் பறிபோன வரலாறும் ஒன்றாயிருப்பதைக் கண்டவர்களுக்கு அது பழங்கதையன்று. அவர்கள் சுடாது விட்ட பங்கையும் பிறர் சுட்டுத் தீர்த்தனர். வனவிலங்கு நிருவாகத்தின் கணக்குப் புத்தகத்தில் சுடாதிருத்தல் என்பதற்கு ஒரு நிரல் இல்லாமற் போயிற்று.

இவ்விடத்தில் பரி லோப்பெஸ் 1978இல் வெளியிட்ட 'ஒஃப் வுல்வ்ஸ் அன்ட் மென்' நினைவிற்கு வருகின்றது. அலாஸ்காவின் புறூக்ஸ் மலைத்தொடரில் வாழும் நுனாமியுத் மக்களிடம் அவர் கேட்டறிந்த பகுதிகள் இவ்வகை எழுத்துக்களுள் தலையாயவை என்பது என் கருத்து. நுனாமியுத் வேட்டைக்காரர் ஓநாயைக் கொல்பவர்கள். அதன் தோலை விரும்புபவர்கள். எனினும் ஓநாய் இன்னது செய்யும் எனப் பொதுப்பட உரைக்கத் தயங்குகின்றனர். அந்த இடத்தில், அந்தப் பருவத்தில், அந்த ஓநாய் அவ்வாறு செய்தது என்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். ரூஸ்வெல்ற்றுக்கும் லோங்குக்கும், கரடி வேட்டையாளருக்கும் கணக்கெடுப்போருக்கும் கைவராத அடக்கம் இது. லோப்பெஸின் நூலிலும் குறையுண்டு. அவர்களது சொல் அவருடைய அழகிய ஆங்கில வசனத்தினூடாகவே நம்மை அடைகின்றது; சிற்சில இடங்களில் வேட்டைக்காரன் மறைந்து ஞானி ஒருவன் வந்துவிடுகிறான். ஞானி இறைச்சிக்காகப் பனியில் நடப்பதில்லை.

விஸ்கொன்சின் நிருவாகம் 2023இல் ஏற்றுக்கொண்ட புதிய திட்டத்தில் 350 போன்ற தனியொரு இலக்கு எண் இல்லை. எண்ணை மீட்க வேண்டும் எனக் கேட்கும் வேட்டைக்காரரும் உளர்; எண் போனதே நன்று எனும் வேட்டைக்காரரும் உளர். இவ்வழக்கு முடிந்தபாடில்லை.

லியோபோல்டின் கட்டுரையைத் தமிழில் தர முனைவோர் எவரேனும் நம்முள் இருப்பின் அவர்களுக்கு ஒன்று கூறலாம். 1947இல் அவர் தம் நூலுக்கென நீண்ட முன்னுரையொன்று எழுதினார். ஓநாய் ஒழிப்பை மான் முகாமை எனப் பெயரிட்டுத் தமக்குத் தாமே நியாயம் கற்பித்துக்கொண்டதை அதில் ஒளிவின்றி ஒத்துக்கொள்கிறார். அச்சேறிய நூலில் அது இடம்பெறவில்லை. 1987இலேயே வேறொரு தொகுப்பில் வெளிவந்தது. தாயாருக்கு எழுதிய கடிதத்தை முன்னும் அம்முன்னுரையைப் பின்னும் வைத்து, நடுவில் இக்கட்டுரையை அச்சிடுதல் வேண்டும். பச்சைத் தீயை மாத்திரம் தனியே எடுத்துக் கொடுப்பின், சீற்றனின் லோபோவைப் படித்துக் கண்ணீர் வடித்தவர்களின் வரிசையில் நம் வாசகரும் சேர்ந்துவிடக்கூடும்.